தீவில் ஃபோன் இருந்ததா?

என் கணவர் எந்தத் துக்கத்தையும் தாங்குவார், தப்பான தகவலை மட்டும் தாங்க மாட்டார். எங்கள் கல்யாணத்தில் சாஸ்திரிகள் சங்கல்பம் சொல்லும்போது நட்சத்திரத்தை மாற்றிச் சொல்லிவிட்டார். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை மெல்லக் குனிந்து, "அது நேத்திக்கே முடிஞ்சுடுத்து, இன்னிக்கு அடுத்தது" என்றார். சாஸ்திரிகளின் முகம் போன போக்கைப் பார்த்து நான் குனிந்த தலை நிமிராமல் சிரித்தேன். இந்த மனுஷனை எந்தச் சாவி போட்டால் திறக்கலாம் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. அதற்கு ஐம்பது வருஷமும் ஒரு டிவி தொடரும் தேவைப்பட்டன.

அவருக்குக் கடற்கரையோரம் ராக்கெட் சம்பந்தப்பட்ட ஆபீஸில் வேலை. காலையில் கிழக்கேகோட்டையில் எங்கள் தெருமுனைக்கு ஆபீஸ் பஸ் வரும், ஏறிப் போவார். சாயங்காலம் அதே பஸ் இறக்கிவிடும். நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால், "சொல்லப்படாது." வருஷத்தில் சில தடவை பெட்டியைக் கட்டிக்கொண்டு கிழக்குக் கரையில் ஒரு தீவுக்குப் போவார். அங்கிருந்துதான் ராக்கெட்டை விடுவார்களாம். எத்தனை நாள் என்றால் சொல்லப்படாது, என்ன வேலை என்றால் சொல்லப்படாது. அங்கே என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால்கூட ஒரு நிமிஷம் யோசிப்பார்.

தெருவில் இதனால் அவருக்கு ஏக மரியாதை. கறிகாய் வாங்கப் போனால், "மாமி, அடுத்த ராக்கெட் எப்போ?" என்று என்னைக் காதோடு காதாகக் கேட்பார்கள். எல்லாம் தெரிந்தவள் மாதிரி ஒரு புன்சிரிப்புச் சிரித்துவிட்டு முருங்கைக்காயை வளைத்துப் பார்ப்பேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ராக்கெட் மேலே போகும் என்பதுதான்.

ஆனால் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ராக்கெட் சமாசாரம் இல்லை. பெண் சின்னக் குழந்தையாக இருந்தபோது எனக்கு வயிற்றில் ஒரு கட்டி வந்தது. இனிமேல் தள்ளிப்போட முடியாது, நாளைக்கே ஆபரேஷன் என்றார் டாக்டர். இவர் அப்போது தீவில் இருந்தார். என் அண்ணா இவருடைய ஆபீஸ் வாசலுக்கு ஓடினான். உள்ளே விடவில்லை. கேட்டிலேயே சேதியைச் சொன்னான். "அங்கே சொல்லிவிடுகிறோம்" என்றார்களாம். கணவர் போட வேண்டிய கையெழுத்தை அண்ணா போட்டான். இவர் வரவில்லை. தையல் பிரித்து நான் வீட்டுக்கு வந்த பிறகுதான் பெட்டியும் கையுமாக வாசலில் நின்றார்.

"சேதி கிடைச்சுதா, கிடைக்கலையா?" என்று கேட்டேன்.

"தீவு விஷயம் சொல்லப்படாது" என்றார்.

கிடைக்கவில்லை என்றால் பாவம் என்று விட்டுவிடலாம். கிடைத்தும் வரவில்லை என்றால் அது வேறு கதை. இரண்டில் எது என்று தெரியாமலே நான் அவருக்குச் சோறு போட்டேன், சண்டை போட்டேன், பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவைத்தேன். அந்தக் கேள்வி மட்டும் வயிற்றுத் தழும்பு போல அங்கேயே இருந்தது.

அவர் ஆபீஸிலிருந்தும் நான் பள்ளிக்கூடத்திலிருந்தும் ரிட்டயர் ஆகி வருஷங்கள் ஓடிவிட்டன. பெங்களூரிலிருந்து பெண் லீவுக்கு வந்தவள், டிவியில் ஏதோ ஆப்பைப் போட்டு, தமிழில் டப் செய்த ஒரு வெளிநாட்டுத் தொடரை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். நடுக்கடலில் பனி மூடின ஒரு தீவு. கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய சிலர் அங்கே திரிகிறார்கள். திரிகிற இடத்தில் எல்லாம் மண்ணுக்கடியில் ஒரு கதவு. நீலக் கதவைத் திறந்தால் கடலின் சத்தத்தைக் கேட்டுப் பதிவு செய்கிற கூடம். பச்சைக் கதவைத் திறந்தால் வெளிச்சமே இல்லாமல் செடி வளர்க்கிறார்கள். எதற்கு என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் ஒரு தாடிக்கார வெள்ளைக்காரன், "அடக் கடவுளே, இது ஒரு ரகசிய ஆராய்ச்சி நிலையம்!" என்று மதுரைக் குரலில் அலறுவான்.

சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு இருவரும் உட்காருவோம். முதல் நாள் நான் ஒரு திட்டமும் இல்லாமல்தான் சொன்னேன்.

"பாருங்கோ, எத்தனை சுகம்! விஞ்ஞானின்னா ஆளுக்கொரு ஏசி ரூம்."

"ஏசி மிஷினுக்குடி. மனுஷாளுக்கு ஃபேன்தான், அதுவும் பாதி நாள் சுத்தாது" என்றார். சொன்ன மறுகணம் நாக்கைக் கடித்துக்கொண்டு டிவியை உற்றுப் பார்த்தார்.

நான் காதில் விழாதவள் மாதிரி காப்பி டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளே எனக்குத் தலைகால் புரியவில்லை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் நான். வாயையே திறக்காத பிள்ளையிடம் விடை கேட்டால் அது சுவரைப் பார்க்கும். கேட்கவே கூடாது. போர்டில் ஏழெட்டு ஐம்பத்திநாலு என்று எழுதிவிட்டு, சாக்பீஸைத் தட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதே பிள்ளை பின் பெஞ்சிலிருந்து எழுந்து, "டீச்சரே, அது தெற்று!" என்று தப்பைக் காட்டிக் கத்தும். இந்த வித்தையை ஊரான் பிள்ளைகளிடம் எல்லாம் காட்டிவிட்டு, வீட்டில் ஒருவரைப் பல்லைக் கடித்துக்கொண்டு நேர்க்கேள்வி கேட்டே வயசாகிவிட்டேன். என்னை எதால் அடிப்பது?

அடுத்த நாளிலிருந்து நான் எங்கள் வீட்டிலேயே படுமுட்டாள் ஆனேன்.

"பாவம், டின்னை உடைச்சுத் திங்கறா. உங்க தீவுலயும் டின் சாப்பாடுதானே?"

"டின்னா? யார் சொன்னா? கேன்டீன்ல சுடச்சுட சாதம் போடுவான். காரம்தான் கண்ணுல தண்ணி வரும்."

"எல்லாரும் வெள்ளைக் கோட்டு போட்டுண்டு எத்தனை களையா இருக்கா! நீங்களும் கோட்டுலதான் தூங்குவேளோ?"

"கோட்டாவது ஒண்ணாவது. ரூமுக்கு வந்தா லுங்கிதான், கேட்டோ. ஒரு பெரிய ஆபீசர் லுங்கியோட ஓடிவந்து கவுன்ட்டவுனை நிறுத்தினார், தெரியுமோ உனக்கு?"

தெரியாது. எப்படித் தெரியும்? சொன்னால்தானே! தீவில் காட்டு மாடுகள் ரோட்டை மறித்துப் படுத்துக்கொள்ளும், அவை எழுந்து போகிற வரைக்கும் விஞ்ஞானமே காத்துக்கொண்டு நிற்கும் என்பதும் அந்த வாரம்தான் தெரிந்தது. ஒவ்வொரு ரகசியத்துக்கும் பழவங்காடிக் கணபதிக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். "உங்க முட்டிவலிக்கு வேண்டிண்டிருக்கேன்" என்று சொல்லி வைத்தேன். அவரும் முட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் தேவலைதான்" என்றார்.

பெண் நான் ஃபோனில் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "அம்மா, பாவம் அப்பா, வெறுதே விடேன், சும்மா இருக்கட்டும்" என்றாள். அவளுக்கென்ன, கணவன் ஆபீஸில் டீ குடித்தால்கூட ஃபோட்டோ அனுப்புகிறான்.

இப்படியாக மஞ்சள் கதவு வந்தது. அந்த நிலையத்துக்குள் ஒரு பெண் ஃபோன் தேடி ஓடுகிறாள், மேஜை மேஜையாகப் புரட்டுகிறாள். "இங்கே வெளியுலகத் தொடர்பே கிடையாது!" என்று தாடிக்காரன் அலறுகிறான். இத்தனை நாள் சாதம், லுங்கி, மாடு என்று நான் சுற்றி வந்ததெல்லாம் இந்த இடத்துக்காகத்தான்.

"அதானே" என்றேன் கொட்டாவி விட்டுக்கொண்டே. "தீவுல ஃபோன் எங்கேர்ந்து வரும்? உங்களுக்கும் இருந்திருக்காது."

அவர் வேஷ்டியிலிருந்து ஒரு நூலைப் பிடுங்கினார். நான் காத்திருந்தேன். இன்னொரு நூலைப் பிடுங்கினார். ஃபேனைத் திருத்தியவர், மாட்டைத் திருத்தியவர், இதைத் திருத்தவில்லை.

மறுநாள் இன்னும் கெட்டியாகத் தப்பு சொன்னேன். "தபால்கூடப் போகாது, கேட்டேளா. வெளியில ஆள் செத்தாலும் உள்ள இருக்கறவாளுக்குத் தெரியாது."

எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அன்றைய கதை முடிகிற வரைக்கும் அவர் சமையலறையிலேயே நின்றார்.

விடை தெரிந்த பிள்ளை, போர்டில் தப்பு இருப்பதைப் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை என்றால், அந்தத் தப்பில் அதற்கு ஏதோ சௌகரியம் இருக்கிறது. வகுப்பில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். இனி இந்த விளையாட்டு வேண்டாம் என்று தோன்றியது. தேங்காய் உடைக்கவும் போகவில்லை. சாயங்காலங்களில் அடுப்படியில் இல்லாத வேலையை எல்லாம் உண்டாக்கிக்கொண்டேன். அலம்பின பாத்திரத்தையே மறுபடி அலம்பினேன்.

அவருக்கோ அந்தத் தொடர் பிடித்துப்போயிருந்தது. "வரலையா? ஆரம்பிச்சுடுத்து" என்று கூப்பிட்டார். தனியாகப் பார்க்கப் பிடிக்காது. ஒருநாள் போய் உட்கார்ந்தேன்.

போயும் போயும் அன்றைக்குத்தானா அந்தக் கதை வர வேண்டும்! நீலக் கதவு நிலையத்தில் ஒரு இளவயசுக்காரன் சீட்டாடிக்கொண்டிருக்கிறான். ஊரில் அவன் பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று சேதி வருகிறது. அவனுடைய சீஃப் அதைப் படித்துப் பார்த்துவிட்டுத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொள்கிறான். இவன் ஒன்றும் தெரியாமல் சிரித்துக்கொண்டு அடுத்த சீட்டை எடுக்கிறான். பக்கத்து நாற்காலியில் இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது நான் வலை விரிக்கவில்லை. கொஞ்சம் விரித்திருக்கலாம். ஆனால் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்பதும் நிஜம். தப்பித்துப் போகட்டும் என்றே வழியைத் திறந்து விட்டேன்.

"பாவம், அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா ஓடி வந்திருப்பான்."

"தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்? அதான் சீஃப் மறைச்சுட்டானே."

"அவனுக்கில்லடி. எனக்கு."

டிவியை அணைக்க ரிமோட்டை எடுத்தார். எந்தப் பட்டனையோ அழுத்த, தாடிக்காரனின் அலறல் தெருவுக்கே கேட்டது. நான் வாங்கி அணைத்தேன்.

"அன்னிக்கே வந்துடுத்து" என்றார். "கேன்டீன்ல இருந்தேன். சீஃப்பே நேர வந்து சொன்னார். ஜீப் நிக்கறது, உடனே கிளம்புங்கோன்னார். பெட்டியைக் கட்டிண்டு ஏறியாச்சு. கேட் வரைக்கும் போயாச்சு. அங்க இறங்கிட்டேன்."

"ஏன்?"

"வேலை இருக்குன்னு சொன்னேன். ஒரு வேலையும் இல்லை. எனக்குப் பதிலா வேற ஆள் போட்டாச்சு. சும்மா ரூம்ல உக்காந்திருந்தேன்." நூல் பிடுங்குவதற்கு வேஷ்டியில் இடம் தேடினார். "நான் வந்து சேரறச்சே நீ இல்லேன்னா என்ன பண்ணுவேன்? அங்க இருக்கற வரைக்கும், நீ இருக்கேன்னு நெனச்சுண்டு இருக்கலாம்."

"ஒரு ஃபோன் பண்ணிக் கேக்கப்படாதா?"

"கேட்டா தெரிஞ்சுடுமே" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வேன்! சேதியை அவன்தான் மறைத்திருப்பான் என்று முகம் தெரியாத ஒரு ஆபீசரை நான் இத்தனை வருஷமாகக் கரித்துக் கொட்டியிருக்கிறேன். அவன் வீட்டு அடுப்பில் பூனை தூங்கட்டும் என்று சபித்திருக்கிறேன். அந்த நல்ல மனுஷர் ஜீப் கொடுத்திருக்கிறார். அரசாங்கத்தைத் திட்டினேன், தேசத்தைத் திட்டினேன். ஒரு தடவை ராக்கெட் கடலில் விழுந்தபோது தெருவே சோகமாக இருக்க, நான் மட்டும் பாயசம் வைத்தேன். தேசத்தின் மேல் கோபப்படுவது சௌகரியம். அது நம் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு கண்ணைத் துடைக்காது. எழுபது வயசுக்கு மேல் இப்போது இந்த மனுஷன் மேலேயே புதிதாகக் கோபப்பட வேண்டியிருந்தது. பட்டேன். அழுகையும் வந்தது.

"பயம் உங்களுக்கு மட்டுமா?" என்றேன். "எனக்கும் பயமாத்தான் இருந்தது. எனக்குப் போய் ஒளிஞ்சுக்க ஒரு தீவு இல்லையே."

வெளியே கோயிலுக்குப் போகிறவர்களின் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் என் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"எப்படி இருந்தது அன்னிக்கு?" என்று கேட்டார். "எனக்கு ஒண்ணுமே தெரியாது. நீ சொன்னதில்லை."

நீங்கள் கேட்டதில்லை என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. ஆட்டோவில் என்னை ஏற்றும்போது என் ஒரு செருப்பு தெருவில் விழுந்துவிட்டது, நான் செருப்பு, செருப்பு என்று கத்தக் கத்த அண்ணா நிறுத்தவே விடவில்லை. அங்கிருந்து ஆரம்பித்தேன்.