பத்து காவானுக்கு வந்த தாய்வீடு

பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பிறந்த எங்கள் கம்பெனியைத் தீவிலிருந்து பாலம் தாண்டிப் பத்து காவான் தொழிற்பேட்டைக்குக் கொண்டுவந்தபோது, இனி தனிக்குடித்தனம்தான் என்று நானும் என் கூட்டாளியும் துள்ளிக் குதித்தோம். மணமான மகள் வீட்டுக்கு வருவதென்றால் தாய்வீட்டார்கூட ஒரு போன் போட்டுவிட்டு வருவார்கள். பல்கலைக்கழகம் போடாது. கம்பெனியில் அதற்குப் பங்கு இருக்கிறது. விருந்தினர் யார் வந்தாலும் பஸ்ஸில் ஏற்றி, எங்களைக் காட்டக் கூட்டிவந்துவிடும்.

அன்று காலை எங்களுக்கு வாழ்வா சாவா. ஆலைக் கழிவுநீரைச் சோதிக்கும் எங்கள் கருவியைப் பார்க்கப் பக்கத்து ஊரான பிறையிலிருந்து ஒரு தொழிற்சாலை மேலாளர் வருவதாக இருந்தது. அவரும் வேண்டாமென்றால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான். அவருக்காகச் சூடாகக் கறிபாப் பலகாரம் வாங்கி வைத்திருந்தோம். அவருக்கு முன்னால் பஸ் வந்தது.

தமிழ்நாட்டுப் பேராசிரியர்கள் இறங்கினார்கள். கூட வந்த மக்கள் தொடர்புப் பிரிவு அக்கா, எங்கள் பெயர்ப்பலகையின் மேலேயே பல்கலைக்கழக பேனரைக் கட்டினார்.

"எல்லாம் எங்க புள்ளைங்க செஞ்சது" என்று என் முதுகைத் தட்டினார். புள்ளைக்கு வயது நாற்பத்திரண்டு. தலைக்கு மை வேறு. பேராசிரியர்கள் கைதட்டிவிட்டுக் கறிபாப்பைக் காலி செய்தார்கள். அந்த நேரம் பார்த்து மேலாளர் நுழைந்தார். பேனரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கருவியைக் கடைசியாகத்தான் பார்த்தார்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா நீங்க படிப்ப முடிச்சிட்டுப் போயிட்டா, ரிப்பேருக்கு நான் யாரத் தேடறது?"

"அண்ணே, நாங்க படிச்சு முடிச்சு ரொம்ப வருஷம் ஆச்சு. இது கம்பெனி லா" என்றேன். காப்பியடித்து மாட்டிக்கொண்டவன் குரல்போல எனக்கே கேட்டது. அவர் நம்பவில்லை. அக்காவை அப்படியே பஸ்ஸில் ஏற்றிக் கதவைச் சாத்தலாம் போல ஆத்திரம் வந்தது.

அதற்குள் அக்காவே குறுக்கே புகுந்தார்.

"பயப்படாதீங்க லா அண்ணே. இவங்ககூட படிச்சவங்க எல்லாம் பெரிய பேக்டரில மேனேஜரு. வா வான்னு கூப்பிட்டும் பாத்தாங்க. இதுங்க ரெண்டும் அசையலயே! இத விட்டா வேற ஒன்னும் தெரியாது ரெண்டுக்கும். எங்க போவப் போறாங்க?"

மேலாளர் முகம் தெளிந்தது. "அப்ப சரி, மெஷின அனுப்பி வைங்க" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அவமானத்தில் எனக்குக் காது சுட்டது, சந்தோஷத்தில் கண் கலங்கியது. நாங்கள் இதுவரை அச்சடித்த எந்த விளம்பரத்திலும் அவ்வளவு உண்மை இருந்ததில்லை.