அகப்பையில் பூத்த உப்பு

எங்கள் அக்கா அனுமந்தையில், கடலுக்குப் போகும் குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே ஆண்டவரிடம் போய்விட்டதால், அம்மாவோடு கருவாட்டுக் கூடை சுமந்து என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். மாமாவைக் கட்டிக்கொண்டு மரக்காணம் வந்த பிறகு இருவருக்கும் உப்பளத்தில் வேலை. மழைக் காலத்தில் பாத்தியெல்லாம் முழுகிவிடும், அடுப்பெரிவதே பெரும்பாடு. அப்போதும் அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்ததில்லை.

அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது, அன்போடுதான் சொல்கிறேன். அறுந்த செருப்பு, வலைத்துண்டு, கருவேல முள், கணவாய் மீன் ஓடு என்று யாரும் சீண்டாததைப் பொறுக்கி வருவார். பாத்தியில் முற்றிய உப்புத் தண்ணீரை வாளியில் மொண்டு, அதில் அவற்றைத் தொங்கவிடுவார். சில நாளில் அதன்மேல் உப்பு கட்டம் கட்டமாகப் பூக்கும். எந்தப் பக்கம் திருப்பிவிட வேண்டும், எங்கே சுரண்டிவிட வேண்டும் என்பதெல்லாம் அவர் கணக்கு. முடிந்ததும் சன்னலில் வைத்து, "இப்ப பாரு, செருப்பு எவ்ளோ அழகா இருக்குது" என்பார். பார்த்தால், ஆமாம், அழகாகத்தான் இருக்கும், குதிகால் தேய்ந்த இடம்கூட.

மழை ஈரத்தில் எல்லாம் கரைந்துவிடும். வார்னிஷ் அடித்து வைக்கலாம் என்று நான் எத்தனையோ முறை சண்டை போட்டேன். கேட்டால்தானே! அக்கா ஊரில் இல்லாத ஒருநாள், வீட்டில் உப்பு தீர்ந்துபோக, மாமா முள் சிற்பத்தின் உப்பை உதிர்த்து மீன் குழம்பில் போட்டுவிட்டார். அக்கா திரும்பியதும் நான்தான் கொதித்துப்போய்ச் சொன்னேன். அவர் மாமாவைப் பார்த்து ஒன்றுதான் கேட்டார்: "குழம்பு நல்லா இருந்துச்சா?" மாமா அசடு வழிந்தார்.

உடம்பு முடியாமல் படுத்த பிறகும் வாளியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். கடைசியாக அதில் தொங்கியது எங்கள் அம்மாவின் கொட்டாங்குச்சி அகப்பை. அது பூத்து முடிந்ததைப் பார்த்துவிட்டுத்தான் இறைவனில் இளைப்பாறினார்.

நான் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தேன். அக்கா கையால் செய்ததில் மிஞ்சியது அது ஒன்றுதான். அதுவும் போனால் என்னிடம் என்ன இருக்கிறது? ஆனால் இந்த ஐப்பசி மழையில் பெட்டிக்குள்ளேயே அது நீர்விடத் தொடங்கியது. மாமா பார்த்துவிட்டு, "தரையில கரைஞ்சு போறதுக்கு, நம்ம ஜனங்க வயித்துக்குப் போகட்டும்மா" என்றார். முதலில் நான் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு நானே பெட்டியைத் திறந்து கொடுத்தேன். அழுதுகொண்டேதான் கொடுத்தேன்.

அக்காவை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்சுகளுக்கும், வாளிக்குத் தண்ணீர் கொண்டுவந்த உப்பளத்துத் தோழிகளுக்கும், கட்டிலருகே செபம் சொன்ன பங்கு மக்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்றைய முதலாண்டு நினைவுச் சாப்பாட்டுக்கு மாமாதான் அடுப்படியில் நிற்கிறார். குழம்பில் அக்காவின் உப்பும் சேர்ந்திருக்கிறது. சாப்பிட்டுக் கிளம்பும்போது, குழம்பு நன்றாக இருந்தது என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.