பஸ்ஸை நிறுத்திய வலது கை

மிளகு பறிக்க ஏறிய ஏணியிலிருந்து விழுந்த என் வீட்டுக்காரருக்கு, எலும்பு பொருந்திய பிறகும் வலது கை நெஞ்சுக்கு மேல் எழும்பவேயில்லை.

இராணுவக் குடும்பங்கள் வாழும் பகுதியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் இருப்பதாகக் கேள்விப்பட்டு, இன்று மாத்தளைக்குப் போனோம்.

ஏற்கெனவே ஒரு போலி வைத்தியரிடம் ஏமாந்திருந்ததால், "மிஸ், கோவிச்சுக்காதீங்க, பதிவு இருக்குங்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே சுவரிலிருந்த சான்றிதழைக் காட்டினார். "கட்டாயம் கேக்கணுங்க. யாருமே கேக்கிறதில்ல."

பயிற்சியில் வலி தாங்காமல் என் வீட்டுக்காரர் கத்த, பக்கத்துக் கட்டிலில் ஒரு காலை இழந்த சிப்பாய் சிங்களத்தில், "முதல் நாள் நானும் அழுதேன், அண்ணே" என்றார்.

திரும்பும்போது இரத்தோட்டை பஸ்ஸுக்கு இவரே வலது கையைத் தூக்கினார். தோள் உயரத்துக்குத்தான் போனது. ஆனால் பஸ் நின்றது!

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரோ சீட் பிடிக்க ஓடிவிட்டார்.

உங்கள் வீட்டிலும் இப்படித்தானா?