லினக்ஸும் என் கலப்புத் தமிழும்

பால் வாங்கப் போனால் கடைக்காரர் "ஏனு பேக்கு?" என்றார். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து பெங்களூர் நீலசந்திராவில் குடியேறிய முதல் வாரம் அது. நம் ஊரில் பேக்கு என்றால் மக்கு. முறைத்துவிட்டு வெறும் பாத்திரத்தோடு திரும்பிவிட்டேன். "என்ன வேணும்னு கேட்டிருக்கார்டி" என்று, பொம்மசந்திராவில் கம்பெனி வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். ஊருக்கு வந்து சொன்னபோது, ஊர்க்காரர்களே, நீங்களும் சிரித்தீர்கள். இப்போது எழுதுவது சிரிப்பதற்கில்லை.

எங்கள் தெருவில் நயாஸ் பாய் நடத்திய பிரவுசிங் சென்டரில் எனக்கு வேலை கிடைத்தது. வருகிறவர்களை உட்காரவைத்து, நேரம் முடிந்தால் சொல்ல வேண்டும். மிஷின் படுத்துக்கொண்டால் மெக்கானிக் வரும்வரை எல்லோரும் காத்திருப்போம். ஒருநாள் பாய், கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் சிடியை என்னிடம் நீட்டினார்.

"இத யார் வேணும்னாலும் போடலாமாம், உள்ள பாத்து மாத்தலாமாம். மூலை மிஷின்ல போட்டுப் பாரும்மா."

"கெட்டுப்போச்சுன்னா பாய்?"

"அரே, மறுபடி போடு!"

ஊரில் கம்ப்யூட்டர் வகுப்பில் மவுஸில் கை வைத்தாலே "தொடாதே, கெட்டுடும்" என்று மாஸ்டர் அதட்டுவார். பையன்கள் தட்டுவார்கள், பெண்கள் பின்னால் நின்று நோட்டில் எழுதிக்கொள்வோம். அந்தக் கோபம் இத்தனை வருடம் எங்கே பதுங்கியிருந்ததோ. டிக்ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு லினக்ஸின் உதவிப் பக்கங்களைப் படித்தேன். பல முறை மொத்தமாகக் கெடுத்தேன், திரும்பப் போட்டேன். சில மாதங்களில் மெக்கானிக் வருவது நின்றது. இதைக் கற்று என்ன லாபம் என்று கேட்கிறவர்கள் உண்டு. சம்பளம் கொஞ்சம் கூடியது, இங்கிலீஷ் படிக்க வந்தது. அதைவிட, எதையும் தொடுவதற்கு ஒருவரிடமும் கேட்க வேண்டியதில்லை என்ற திமிர் வந்தது.

லினக்ஸைத் தமிழில் கொண்டுவர இன்டர்நெட்டில் ஒரு குழு வேலை செய்துகொண்டிருந்தது. அதுவரை தமிழில் வந்திருந்ததை மூலை மிஷினில் ஏற்றினேன். நானும் சொற்கள் அனுப்பினேன். செய்த வேலையைப் பத்திரப்படுத்தும் பட்டனுக்கு 'எடுத்து வை' என்று எழுதினேன். எங்கள் தெருவில் யாருக்கும் புரியும். குழுவை நடத்திய சென்னைக்காரர் பதில் போட்டார்: "இது பெங்களூர்க் கலப்புத் தமிழ். இந்த வேலையைத் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு விட்டுவிடுங்கள்."

'எடுத்து வை'யில் எது கலப்பு? பிழைக்க எல்லை தாண்டினால் வாயிலிருக்கும் தமிழும் அழுகிவிடுமா?

அந்த நேரம் பார்த்து, மூலை மிஷினில் உட்கார்ந்திருந்த ஒரு வாலிபர் திரும்பினார். "மேடம், பரீ தமிளா? கன்னட இல்வா?" வெறும் தமிழ்தானா, கன்னடம் இல்லையா என்கிறார்.

"நானு இல்லி இரபாரதா?" நான் இங்கே இருக்கக் கூடாதா என்று கத்தினேன். அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். பாய் ஓடிவந்தார்.

"அரே, அவன் சண்டைக்கு வரலம்மா! அவங்க அம்மாவுக்குக் கன்னடத்துல வருமான்னு கேக்கறான்."

அவர் பெயர் கிரீஷ். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஆனாலும் சொற்கள் இருக்கும் கோப்பைத் திறந்து காட்டினேன். மேலே இங்கிலீஷ், கீழே காலி இடம். "இல்லி பரீரி" என்றேன், இங்கே எழுதுங்கள் என்று. கடை மூடும்வரை உட்கார்ந்து எழுதினார். பிறகு தினமும் வந்தார்.

அடுத்த வருடம் குழுவின் தமிழ் வெளிவந்தது. என் பட்டனில் 'சேமி' என்றிருந்தது. பக்கத்து வீட்டு மேரி பார்த்துவிட்டு, "சேமிக்கிறதுக்கு இதென்ன சீட்டா?" என்றாள். நான் சென்னைக்காரருக்கு எழுதவில்லை. கோப்பைத் திறந்து, 'எடுத்து வை' என்று மாற்றி, எங்கள் மிஷின்கள் எல்லாவற்றிலும் ஏற்றினேன். தடுக்க யாராலும் முடியாது. யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்று லினக்ஸைக் கொடுத்தவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கோபத்தோடுதான் மாற்றினேன். அது இன்னும் ஆறவில்லை.

இப்போது மூலை மிஷினில் இரண்டு மொழியும் இருக்கின்றன. கன்னட மீடியத்தில் படிக்கும் என் மகள் உட்கார்ந்தால் கன்னடம்தான்; தமிழை அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அவள் எழுந்ததும் நான் உட்கார்ந்து தமிழைத் தொடுவேன். உள்ளே விடுவதற்கு முன் மிஷின் கேட்கும்: இந்த மொழி இன்றைக்கு மட்டுமா, எப்போதுமா? 'எப்போதும்' என்றால் அவள் உட்காரும்போதும் தமிழ்தான் வரும். மகள் என் தோளில் கை போட்டு நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். 'இன்றைக்கு மட்டும்' என்பதையே அழுத்துவேன்.