கஸ்தூரி மிஸ் கைப்பட எழுதிய அரைப்பக்கம்

2006 டிசம்பர், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. இரும்புலியூரில் எங்கள் வீட்டு முன்னறையில் என் அண்ணன் மகள் பெனிட்டா ஓர் உறையைக் கிழித்தாள். ஒட்டி, ஓரத்தில் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் வாங்கிய உறை. சனிக்கிழமைக்குள் கூரியரில் போயாக வேண்டியது. உள்ளே இருந்த கடிதத்தைப் படித்தாள். பிறகு அழுதாள்.

"யாரு அத்தை இந்தப் பொண்ணு? எனக்கு இவளைத் தெரியவே தெரியாது. இதை அனுப்ப மாட்டேன்."

பெனிட்டா பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அமெரிக்காவில் ஒரு சிறிய பல்கலைக்கழகம் முழு உதவித்தொகையோடு இயற்பியல் படிக்க அழைக்கிறது என்று அவளே கண்டுபிடித்திருந்தாள். அண்ணன் ஒரே ஒரு விண்ணப்பத்துக்குத்தான் சம்மதித்தார். "கிடைக்கலைன்னா நான் சொல்ற காலேஜ்ல இன்ஜினியரிங். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது." இதுதான் ஒப்பந்தம்.

விண்ணப்பத்தைத் தயார் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. எனக்கு அதில் ஆச்சரியமில்லை. முப்பது வருடம் ஒரு கல்லூரி அலுவலகத்தில் சான்றிதழ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். எந்தத் தாளுக்குப் பின்னால் எந்தத் தாள் வர வேண்டும் என்று பரலோக வாசலில் பேதுருவுக்கே திருத்தம் சொல்லக்கூடியவள் என்று எனக்கு ஒரு நினைப்பு. மதிப்பெண் பட்டியல், பிறப்புச் சான்றிதழ், ஓய்வுநாள் பள்ளியில் வாங்கிய வசன மனப்பாடப் பரிசுகள் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினேன். மீதி இருந்தது ஆசிரியர் பரிந்துரைக் கடிதம்.

இயற்பியல் ஆசிரியை கஸ்தூரி மிஸ், நம் ஊரில் எல்லோரும் சொல்வதையே சொன்னார்: "நீங்களே டைப் பண்ணி எடுத்துட்டு வந்துடுங்க மேடம், நான் சைன் போட்டுடறேன்." எனக்கும் அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. ஒன்றரைப் பக்கம் எழுதினேன். தலைமைப் பண்பு, சமூக அக்கறை, என் பணிக்காலத்திலேயே தலைசிறந்த மாணவி. யாருடைய பணிக்காலம் என்று நான் நின்று யோசிக்கவில்லை. நேரில் பார்த்தறிந்தவரின் வாக்குமூலம் கேட்ட இடத்தில், ஞாயிறு தவறாமல் நற்கருணை எடுக்கிற நான், இன்னொருத்தி பெயரில் கதை எழுதிக் கொடுத்திருந்தேன்.

செவ்வாய் இரவும் புதன் முழுவதும் ஜெபித்தேன். "ஆண்டவரே, இந்தப் பிள்ளையின் பிடிவாதத்தை எடுத்துப்போடும்" என்று கேட்டேன். பெனிட்டா பால்கனியில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை எனக்கு எழும்பூரில் ஓய்வூதிய வேலை. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினேன். மழையில் ஜன்னல் முழுக்கப் பால் நிறம். சானடோரியம் தெரிந்தது, பிறகு குரோம்பேட்டை. அதற்குப் பிறகு ஊர்கள் எல்லாம் தண்ணீருக்குள் இருப்பதுபோல் மெல்ல மெல்ல நகர்ந்தன. கண் சொருகியது.

ஒரு பெரிய கூடம். தரையெல்லாம் வெளிச்சம், ஏரி நீர்போல் அலையடிக்கிறது. எதிரே யாரோ உட்கார்ந்திருக்கிறார். முகம் தெரியவில்லை. "பெனிட்டா எப்படிப்பட்ட பிள்ளை?" என்று கேட்கிறார். நான் வாயைத் திறக்கிறேன். நான் டைப் செய்த வார்த்தைகள் ஒவ்வொன்றாக வாயிலிருந்து வந்து, வெள்ளைத் தாளாகி, அந்த வெளிச்சத்தில் மிதந்து போகின்றன. அவர் கோபப்படவில்லை. மறுபடி கேட்கிறார். மூன்றாவது முறை நான், "எனக்குத் தெரியாது" என்றேன். சொன்னதும் உடம்பு லேசாகிவிட்டது. அப்படி ஒரு சமாதானத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

யாரோ தோளைத் தட்டினார்கள். பூக்கூடையோடு ஓர் அம்மாள். "இன்னா ஆயா, பீச் டேசனுக்குப் போய்ட்டு அப்டியே திரும்பி வந்துகினு கீறே? எயுந்துரு, தாம்பரம் வந்துட்ச்சு."

ஏறிய இடத்திலேயே இறங்கினேன். எழும்பூர் வேலை நடக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போனேன். கஸ்தூரி மிஸ்ஸிடம், "என் கடிதம் வேண்டாம். நீங்களே எழுதிக் கொடுங்கள்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "எனக்கு அறுபது பசங்க மேடம். அதோட… என் இங்கிலீஷ் உங்க அளவுக்கு வராது. அவ சான்ஸ் போயிடும்."

நான் மனதுக்குள் ஜெபித்தேன். இந்த முறை ஜெபத்தோடு இணைப்புத் தாள்கள் எதுவும் இல்லை. ஆண்டவரே, உதவும். அவ்வளவுதான்.

"இங்கிலீஷை விடுங்க மிஸ். பெனிட்டான்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வருது?"

அவர் சிரித்துவிட்டார். "லேப்ல ஊசல் சோதனை மேடம், போன வருஷம். பசங்க சீனியர் ரெக்கார்டைப் பார்த்து புவியீர்ப்பு 9.8-னு எழுதிட்டுப் போயிடுவாங்க. நாங்களும் டிக் போட்டுடுவோம். இவ மட்டும் 9.2-னு எழுதினா. நான் மார்க் குறைச்சேன். சண்டை போடல. மூணு நாள் ஸ்கூல் விட்டதும் வந்து அப்பா வாட்ச்சை வெச்சுக்கிட்டு உட்கார்ந்தா. கடைசில பார்த்தா, எங்க ஸ்டாப் கிளாக் நிமிஷத்துக்கு ரெண்டு செகண்ட் வேகமா ஓடுது. எத்தனை வருஷமா ஓடுதோ! யாருக்குமே தெரியல."

"மார்க்?"

"திருப்பிப் போடல மேடம்" என்றார், தலை குனிந்துகொண்டு. "அவளும் கேக்கல."

அதையே எழுதச் சொன்னேன். அரைப்பக்கம், கைப்பட எழுதினார், மார்க் குறைத்ததையும் சேர்த்து. ஒட்டுவதற்கு முன் நான் பார்த்த முதல் வரியிலேயே ஓர் இலக்கணப் பிழை. என் கை தானாகப் பேனாவைத் தேடியது. மேசைக்கு அடியில் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டேன். அதுவும் கிருபைதான், என் சுபாவத்தில் அது கிடையாது.

சனிக்கிழமை உறை போனது. பெனிட்டாவே நடந்து போய்க் கூரியரில் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஏப்ரலில் பதில் வந்தது. இடமும் கொடுத்திருந்தார்கள், முழு உதவித்தொகையும். அடியில் யாரோ பேனாவால் ஒரு வரி எழுதியிருந்தார்கள்: அந்தக் கடிகாரத்தை மாற்றிவிட்டார்களா? அண்ணன் அதை மூன்று முறை படித்துவிட்டு, மகளை அன்றுதான் பார்ப்பதுபோல் பார்த்தார். "என்னடி கடிகாரம்? எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார். "நீங்க கேக்கலையே டாடி" என்றாள்.

அன்பானவர்களே, அவளுக்கு இடம் கொடுத்த தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் நான் நன்றி சொல்ல வந்தது அதற்காக மட்டுமல்ல. அவள் பிடிவாதத்தை எடுத்துப்போடும் என்று கேட்டேன். அவர் அதைத் தொடவில்லை. என்னுடையதை எடுத்துப்போட்டார்.

உங்கள் வீட்டிலும் விண்ணப்பம் எழுதுகிற பிள்ளை இருக்கலாம். ஜெபியுங்கள், தயங்காமல் கேளுங்கள். அதற்கு முன் அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசவிடுங்கள். முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணை மூடுங்கள். யாருக்காக ஜெபிக்கிறோம் என்று அப்போதாவது நமக்குத் தெரிந்திருக்கும். ஆண்டவருக்கு முன்னமே தெரியும்.