தெற்கு வீதியில் கட்டில் போடுவது எப்படி?

சிதம்பரம் தெற்கு வீதி மாடியில், ரயில் பெட்டி போல ஒரு நீளமான அறை. கல்யாணமாகி நாங்கள் எடுத்த முதல் வீடு.

இன்று மச்சான் கடலூரிலிருந்து சீர்க்கட்டிலை வண்டியில் கொண்டுவந்தான். அறையின் குறுக்கே அது கொள்ளவில்லை, தெற்கு வடக்காக நீளவாட்டில்தான் போடவேண்டும்.

"வடக்க தல வக்கக் கூடாது மாமா" என்றான்.

சரி, தெற்கே வைக்கலாம் என்றேன்.

"வடக்க கோயில் இருக்குதே. சாமி பக்கமா காலை நீட்டவா?" என்றாள் மனைவி.

நான்கு முறை திருப்பிப் பார்த்தோம். கட்டிலுக்கு இரண்டு முனைதான்.

இப்போது ரேடியோ கட்டிலில். நாங்கள் தரையில், குறுக்கே பாய் விரித்து.

நாளை மாமனார் கட்டிலைப் பார்க்க வருகிறார். அவரையே படுக்கச் சொன்னால் எந்தப் பக்கம் தலை வைப்பார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.