மாமாவோட பிக்கப்பும் நாலாவது எலுமிச்சம்பழமும்

போன வாரம் மகன் புதுக் காடி, அதான் வண்டி, பாக்கணும்னு மலாக்கா டவுனுக்குக் கூட்டிட்டுப் போனான். கடையில இருந்த பொண்ணு ஒரு பெரிய பிக்கப்பக் காட்டி, கேமரா இருக்கு, டிவி இருக்குன்னு தொட்டுத் தொட்டுக் காட்டுது. எல்லாத்தையும் கேட்டுட்டு, "படி எவ்ளோ ஒயரம்மா?"ன்னேன். மகன் சிரிக்கிறான். சிரிக்கட்டும்லா. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா காடி விஷயத்துல எங்க மாமா பேச்சக் கேட்டு வளந்தவ நான்.

மாமான்னா அம்மாவோட தம்பி. ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்துல எங்க வீட்டுலயேதான் இருந்தாரு. பச்சைப் பிக்கப் ஒண்ணு வச்சிருந்தாரு. காய்கறி, வாழைத்தார், திருவிழாவுக்குக் கரும்பு, எல்லாம் அதுலதான் வரும். நான் பின்னாடி நின்னுக்கிட்டே போவேன். காத்துக்கு வாயத் தொறந்தா பூச்சி உள்ள போயிரும், அதுவும் நல்லாத்தான் இருக்கும்.

மாமாவுக்கு வேன்னாலே ஆகாது. "அது காடியா? ரொட்டி டின்னு. மூக்கே இல்ல, மோதினா நம்ம முட்டிதான் பம்பர்"ம்பாரு. பிக்கப் செஞ்சவனையும் விடமாட்டாரு. "இரும்பு நல்லாத்தான் போட்டிருக்கான். பொண்டாட்டிய ஒரு நாளாச்சும் பாசாருக்குக் காய்கறி வாங்க ஏத்திட்டுப் போயிருந்தான்னா, படிய இவ்ளோ ஒயரத்துல வச்சிருப்பானா?" ஏன்னா அம்மாவால அதுல ஏற முடியாது. பால் வெட்டுக்குக் கொண்டு போற வாளியக் கவுத்துப் போட்டு, கையப் புடிச்சு மாமாதான் ஏத்தி விடுவாரு. அந்த வருஷம் அம்மா ரொம்பக் குண்டாயிட்டாங்க. மாங்கா தின்னே இப்படி ஆயிட்டாங்கன்னு நெனச்சேன். நானும்தான் தின்னேன், எனக்கு ஒண்ணும் ஆகல.

ஒரு நாளு ரெம்பியாவுக்குப் பிக்கப்ப ஓட்டிட்டுப் போன மாமா, திரும்பி வரும்போது வெள்ளை வேன்ல வர்றாரு. அங்க ஒரு காய்கறி வியாபாரிகிட்ட மாத்திக்கிட்டாராம். பூசை நல்லபடியா முடிஞ்சா வேன் நமக்கு, சகுனம் சரியில்லன்னா மறுநாளே பிக்கப்பத் திருப்பி வாங்கிக்கலாம்னு பேச்சு. மாமாவ யாரோ நல்லா ஏமாத்திட்டான்னு நெனச்சேன்.

மறுநாள் தோட்டத்து மாரியம்மன் கோயில் முன்னால வேன நிறுத்தி, பூசாரி நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சாரு. அவரு சூடம் ஏத்தத் திரும்புனதும், பின் சக்கரத்துப் பழத்த எடுத்துப் பாவாடையில சுருட்டிக்கிட்டேன். சகுனம் கெட்டா பிக்கப் வந்துரும், அவ்ளோதான் என் கணக்கு.

வேன் நகந்துச்சு. டப், டப், டப். நாலாவதுக்கு எல்லாரும் காதக் குடுத்து நிக்கிறாங்க. ஒண்ணும் வரல.

"என்ன தம்பி, ஆத்தாவுக்கு இந்த வேன் புடிக்கல போல"ன்னாரு பூசாரி. அம்மா வயித்துமேல கைய வச்சுக்கிட்டாங்க, கண்ணு கலங்கிருச்சு.

மாமா எறங்கி வந்து சக்கரத்தப் பாத்தாரு, மண்ணப் பாத்தாரு, அப்புறம் என் பாவாடையப் பாத்தாரு. "பாப்பா, உருண்டு போன பழத்த நீதான் எடுத்து வச்சிருக்கியா? குடு குடு"ன்னாரு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி.

குடுத்துட்டேன். "எனக்குப் பிக்கப்தான் வேணும் மாமா"ன்னு மெதுவாச் சொன்னேன்.

"எனக்கும்தான்"ன்னாரு, அதவிட மெதுவா.

அவரே பழத்த வச்சு, அவரே ஏறி ஓட்டுனாரு. டப். பூசாரிக்கு மொகம் மலர்ந்துருச்சு. மாமா வேன் கதவ இழுத்துத் தொறந்து, "ஏறுக்கா"ன்னாரு. அம்மா யாரு கையையும் புடிக்காம ஒரே எட்டுல ஏறி உக்காந்தாங்க.

"ரொட்டி டின் செஞ்சவனுக்குக் கொஞ்சம் புத்தி இருக்கு"ன்னு மாமா முணுமுணுத்தாரு.

நான் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுக் கடைசி சீட்டுல கெடந்தேன். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பால் வாளிய எடுத்து, இனிமே இது உனக்குத்தான், மண்ணள்ளி வெளையாடுன்னு குடுத்தாரு. ரெண்டு மாசங்கழிச்சு எனக்குத் தம்பி பொறந்து, அந்த வேன்லதான் வீட்டுக்கு வந்தான். அப்பகூட எனக்கு ஒண்ணும் வெளங்கல. பிக்கப்பக் குடுத்துட்டு, பழைய வாளியக் காட்டி என்ன ஏமாத்திட்டாருன்னு மாமாமேல ரொம்ப நாளு கோவமாவே இருந்தேன்.